இழந்த ஆண்டுகளை எண்ணுதல்: வடக்கின் ஒரு கிராம அலுவலர் பிரிவுக்குப் போர்ப் பாதிப்புக் கணக்கு எடுக்கும் முறை

2009ல் இலங்கையில் போர் முடிந்த கையோடு வடமாகாணத்தின் உற்பத்தி சில ஆண்டுகள் 20 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. அந்த எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு வடக்கு எழும்பிவிட்டதாகத் தோன்றும். வீதி போட்டது, பாலம் கட்டியது, வங்கிக் கிளை திறந்தது, லொறி ஓடியது எல்லாம் அதற்குள் அடக்கம். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஏதாவது வந்தால் வீதம் பெரிதாகத்தான் இருக்கும். நாட்டின் மொத்த உற்பத்தியில் வடக்கின் பங்கு அப்போதும் 5 சதவீதத்தைத் தொடவில்லை. 2012/13 குடும்ப வருமானச் செலவு ஆய்வில் நாட்டின் வறுமை 6.7 சதவீதம், முல்லைத்தீவில் 28.8.

மாகாணக் கணக்கை வைத்து ஒரு ஊரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. பக்கத்துப் பக்கத்து ஊர்களே வேறு வேறு ஆண்டுகளில் எழும்பி ஓடி, வேறு வேறு ஆண்டுகளில் திரும்பியவை. ஆகவே கணக்கை நிர்வாகத்தின் மிகச் சிறிய அலகான கிராம அலுவலர் பிரிவிலிருந்து தொடங்க வேண்டும். கீழே உள்ளது பல்கலைக்கழக மாணவர்கள், சங்கங்கள், உள்ளூர் அமைப்புகள் இரண்டு பேரை வைத்து மூன்று கிழமையில் செய்யக்கூடிய முறை. 250 குடும்பம் உள்ள பிரிவை மனதில் வைத்து எழுதப்பட்டது.

முதலில் ஊரின் நாட்காட்டி

கேள்விக்கொத்தோடு வீட்டுக்குப் போகாதீர்கள். முதல் இரண்டு நாளும் நாட்காட்டிக்குத்தான். வாசிகசாலையிலோ கோயில் மடத்திலோ வெவ்வேறு வயதுள்ள ஆறேழு பேரை இருத்தி, ஒரு பெரிய தாளில் 1977 முதல் இன்றுவரை ஆண்டுகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு ஆண்டுக்கும் நேரே மூன்றே கேள்வி: சனம் ஊரில் இருந்ததா? காணிக்கும் கடலுக்கும் போக முடிந்ததா? சாமான் வந்து போனதா?

யாரும் ஆண்டைச் சொல்ல மாட்டார்கள். "இந்தியன் ஆமிக் காலம்", "பெரிய இடம்பெயர்வு", "ஜெயசிக்குறு நேரம்", "சமாதான காலம்" என்றுதான் வரும். அவற்றை நீங்கள் ஆண்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தியப் படை இருந்தது 1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை. யாழ் குடாநாட்டின் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது 1995 ஒக்டோபர் 30. வன்னியில் இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கியது 1997 மே. அரசும் புலிகளும் செய்த போர்நிறுத்த ஒப்பந்தம் 2002 பெப்ரவரி. வடக்கைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி 2006 ஓகஸ்டில் மறுபடி பூட்டப்பட்டது. யாழ்தேவி ரயில் 1990 ஜூனில் நின்று 2014 ஒக்டோபரில்தான் யாழ்ப்பாணம் வந்தது. இந்தத் திகதிகளைத் தனித்தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள். இல்லாவிட்டால் ஒருவர் 1995ஐயும் இன்னொருவர் 2000ஐயும் ஒரே "இடம்பெயர்வு" என்று சொல்ல, நீங்கள் இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுவிடுவீர்கள்.

நினைவைச் சரிபார்க்கப் பாடசாலையின் சம்பவத்திரட்டைப் போல ஒன்றில்லை. எந்தத் திகதியில் பாடசாலை மூடியது, எங்கே மரத்தடியில் நடந்தது என்பதை அதிபர் அன்றன்றே எழுதியிருப்பார். பல பாடசாலைகளில் அது எரிந்தோ தொலைந்தோ போயிருக்கும். அப்படியானால் சேர்விடாப்பு (மாணவர் சேர்ந்த பதிவேடு), கோயில் திருவிழாக் கணக்குக் கொப்பி, கூட்டுறவுச் சங்கக் கூட்டக் குறிப்பு என்ற ஒழுங்கில் தேடுங்கள். திருவிழா நடக்காத ஆண்டென்றால் ஊரில் சனம் இல்லாத ஆண்டாக இருக்கலாம்.

எந்த ஆண்டோடு ஒப்பிடுவது

அதிகம் பிழைக்கும் இடம் இதுதான். 1981 குடிசன மதிப்பீட்டில் யாழ் மாவட்டத்தின் தொகை 830,552, 2012ல் 583,882. கழித்துப் பார்த்து, "இரண்டரை இலட்சம் பேர் குறைந்துவிட்டார்கள்" என்று பலரும் எழுதிவிட்டார்கள். 1981ல் யாழ் மாவட்டத்துக்குள்தான் கிளிநொச்சியும் இருந்தது. 1984ல்தான் அது தனி மாவட்டமாகியது. கிளிநொச்சியின் 91,764ஐக் கழித்தால் யாழ்ப்பாணம் 738,788. குறைவு ஒன்றரை இலட்சத்தைச் சற்றே தாண்டும். முழு மாகாணத்தை எடுத்தால் 1981ல் 1,109,404, 2012ல் 1,061,315. பார்வைக்குச் சிறிய வித்தியாசம். முப்பத்தொரு ஆண்டில் பிறந்து பெருகியிருக்க வேண்டியவர்கள் அதில் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. நடுவில் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை: 1991ல் கணக்கெடுப்பே நடக்கவில்லை, 2001ல் வடகிழக்கில் முழுமையாக நடக்கவில்லை. 2009/10 வருமான ஆய்வில் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்றுமே விடுபட்டவை. அந்த அறிக்கையின் "வடமாகாணம்" என்பது யாழ்ப்பாணமும் வவுனியாவும் மட்டுமே. மிக ஏழ்மையான மூன்று மாவட்டங்கள் இல்லாத சராசரி அது.

இன்னொரு சறுக்கல், எல்லாவற்றையும் போரின் தலையில் போடுவது. எழுபதுகளின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபோது மிளகாயும் வெங்காயமும் யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்குப் பொன்னாக விளைந்தன. 1977ல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் விலை விழுந்தது. அப்போது பெரிய போர் தொடங்கவில்லை. 1975ஐ அடிப்படையாக வைத்தால் அந்த வீழ்ச்சியும் போரின் கணக்கில் ஏறிவிடும். தோட்டக் கிராமத்துக்கு 1978 முதல் 1982 வரையான ஐந்து ஆண்டுச் சராசரியே பொருத்தம். அதேபோல முல்லைத்தீவுக் கரையில் 2004 சுனாமியையும், எல்லா ஊரிலும் 2022 பொருளாதார நெருக்கடியையும் நாட்காட்டியில் வேறு நிறத்தில் குறியுங்கள்.

யாரைக் கேட்பது

கிராம அலுவலரிடம் குடும்பப் பட்டியல் இருக்கும். பிரதேச செயலாளருக்குக் கடிதம் கொடுத்து அனுமதி எடுத்த பிறகே அதைக் கேளுங்கள். 250 குடும்பத்தில் ஆறுக்கு ஒன்று எடுத்தால் 42 வரும். அதில் பெண் தலைமைக் குடும்பம் எட்டுக்குக் குறைந்தால் அவர்களில் இன்னும் சிலரைச் சேர்த்து, அப்படிச் சேர்த்ததை அறிக்கையில் சொல்லிவிடுங்கள்.

இந்தப் பட்டியலின் குறை, ஊரில் இருப்பவர்கள் மட்டுமே அதில் இருப்பது. அதிகம் இழந்தவர்கள் திரும்பியே இருக்க மாட்டார்கள். எண்பதுகளின் வாக்காளர் இடாப்புப் பிரதி கிடைத்தால் அதையும் இன்றைய பட்டியலையும் பக்கத்தில் வைத்து, இல்லாத குடும்பம் ஒவ்வொன்றுக்கும் "எங்கே?" என்று ஊராரிடம் கேளுங்கள். விடைகள் பெரும்பாலும் நான்கு வகை: கொழும்பு, வெளிநாடு, தமிழ்நாட்டு முகாம், "குடும்பமே இல்லை". நான்காவது விடை வந்தால் மேற்கொண்டு கேட்காமல் குறித்துக்கொண்டு நகருங்கள். தமிழ்நாட்டிலிருந்து திரும்பியவர்களைத் தனியாகக் குறியுங்கள். பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, குடியுரிமை, படித்த சான்றிதழ் என்று அவர்களின் சிக்கல் வேறு.

1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். யாழ் நகரில் அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியால அவகாசம். ஊரில் ஒரு பள்ளிவாசல் இருந்தால், அல்லது "சோனகர் காணி" என்ற பேச்சு வந்தால், மாதிரியில் பாதியைப் புத்தளத்தில்தான் தேட வேண்டும். இதைச் செய்யாத அறிக்கையில் ஊரின் தையல், இரும்பு, லொறி வியாபாரம் எப்படி அற்றுப்போனது என்பது விளங்காது. தமிழ் அமைப்புகள் எடுக்கும் கணக்குகளில் இந்தப் பக்கம் வெறுமையாக இருப்பது வழக்கம். செலவைச் சாட்டாகச் சொல்வார்கள். புத்தளத்துக்குப் பஸ் கட்டணம் அவ்வளவு பெரிய செலவில்லை.

காணி

அளவை முதலில் ஒழுங்காக்குங்கள். ஏக்கருக்கு 16 பரப்பு என்பது மேட்டுக்காணிக் கணக்கு. நெற்காணிப் பரப்பு அதைவிடச் சிறியது. வன்னியில் நேரே ஏக்கரில் சொல்வார்கள். சொன்ன அலகையே எழுதி, மாற்றுவதை அறைக்கு வந்து செய்யுங்கள்.

பிறகு காணி எந்த வகை என்று கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் உறுதிக் காணி. வன்னியில் பெரும்பாலும் 1935 காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்பு. பிரச்சினை இரண்டிலும் ஒன்றல்ல. உறுதிக்காரருக்கு, வேறொருவர் உரிமையாளரை மதிக்காமல் பத்து ஆண்டு காணியில் இருந்துவிட்டார் என்ற ஆட்சியுரிமை வழக்கு வரலாம். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரால் காணிக்குப் போக முடியாதவர்களுக்காக 2016ல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. குறித்த ஒருவருக்கு அது பயன்படுமா என்பதைச் சட்டத்தரணியே சொல்ல வேண்டும், நீங்கள் வாக்குக் கொடுக்காதீர்கள். அனுமதிப்பத்திரக்காரருக்கு வாரிசுச் சிக்கல். பின்னுரித்தாளர் பெயர் பதியாமல் தகப்பன் இறந்திருந்தால், 2022 திருத்தம் வரை சட்டத்தின் வரிசை ஆண்பிள்ளைக்கே முதலிடம் கொடுத்தது.

தேசவழமைக்கு, அதாவது வடக்குத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு, உட்பட்ட மனைவி, தன் பெயரிலுள்ள சீதனக் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். கணவன் காணாமற்போனவர் என்றால் சம்மதம் யார் கொடுப்பது? மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும். காணி இருக்கிறது, உறுதி இருக்கிறது, வங்கி கடன் தராது. கேள்விக்கொத்தில் "காணி உண்டா: ஆம்/இல்லை" என்று மட்டும் கேட்டால் இவர் "ஆம்" பக்கத்தில் போய் இருந்துவிடுவார். ஆகவே மூன்று நிரல் போடுங்கள்: பெயரில் உண்டா, பயிரிட முடிகிறதா, விற்கவோ ஈடுவைக்கவோ முடிகிறதா.

படையினர் வசமிருந்த காணிக்கு நான்காவது நிரலாக எடுத்த ஆண்டு, விட்ட ஆண்டு. வலிகாமம் வடக்கில் மட்டும் 2013ல் சுவீகரிப்பு அறிவித்தல் ஒட்டப்பட்டது 6,381 ஏக்கருக்கு. பிறகு பகுதி பகுதியாகத்தான் விடப்பட்டது. "விடப்பட்டது" என்பதோடு நிறுத்தாமல் கிணறு இருந்ததா, எல்லைக்கல் இருந்ததா, வீட்டுக் கதவு நிலை இருந்ததா என்று பாருங்கள். இடம்பெயர்ந்தோர் முகாம்களில் கடைசிவரை தங்கியவர்களில் காணியே இல்லாத, ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்கள் அதிகம். அவர்களுக்கு விடுவிக்க எந்தக் காணியும் இருக்கவில்லை. சாதியை நேரே கேட்கத் தேவையில்லை, "1990ல் இருந்த வீட்டு நிலம் யாருடையது?" என்ற கேள்வியே காட்டிக்கொடுக்கும்.

பணத்தில் அல்ல, காயில் எண்ணுங்கள்

ரூபாயில் இழப்பைக் கணக்கிட்டால் பணவீக்கம் எல்லாவற்றையும் குழப்பும். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணும் உதவாது. அரசின் பொருளாதாரத் தடைக்காலத்தில் வடக்கு என்ன விலை கொடுத்தது என்பது அதில் இல்லை. எரிபொருள், பசளை, சீமெந்து, பற்றரி எல்லாம் தடுக்கப்பட்டிருந்த காலம் அது. துளி பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது; சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். "அப்போது என்ன விலை?" என்றால் ஆளுக்கொரு எண் வரும். "ஒரு நாள் கூலிக்கு எத்தனை போத்தல் மண்ணெண்ணெய்?" என்று கேளுங்கள், கிட்டத்தட்ட ஒரே விடை வரும்.

இழப்பையும் பொருளாகவே எண்ணுவது நல்லது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு விழுந்த பிறகு கிளாலி, முகமாலை, நாகர்கோவில் வரிசை முன்னரங்காகியது. அங்கே ஒரு குடும்பத்துக்கு 40 காய்த்த தென்னை இருந்தது என்று வைப்போம். மரத்துக்கு ஆண்டுக்கு 50 காய், மொத்தம் 2,000. கண்ணிவெடி அகற்றிக் காணி கைக்கு வந்தது 2018 என்றால் 18 ஆண்டுக்கு 36,000 காய். பெரும்பாலான அறிக்கைகள் இதோடு நிறுத்திவிடும். ஆனால் 2018ல் வைத்த கன்று காய்க்க ஆறு ஆண்டாவது வேண்டும். இன்னும் 12,000. மொத்தம் 48,000. அதாவது இழப்பில் காற்பங்கு, காணி "மீளக் கிடைத்த" பிறகு வந்தது. பனைக்கு இது இன்னும் நீளும். பங்கருக்கு மேல் அடுக்கத் தறித்த பனை, விதை போட்டு மறுபடி பயன்தரப் பதினைந்து, இருபது ஆண்டு. எந்த மரத்துக்கும் கணக்கை முடிக்கும் திகதி, காணி விட்ட நாள் அல்ல, முதற்காய்ப்பு நாள்.

நெல்லுக்குக் கமநல சேவை நிலையத்தில் காலபோகம், சிறுபோகம் விதைத்த ஏக்கர் இருக்கும். இரண்டையும் கூட்டாமல் தனித்தனியாக எடுங்கள். காலபோகம் மழைக்கே ஓரளவு விளைந்துவிடும். வாய்க்காலும் துருசும் திருத்தப்பட்டதா என்பதைச் சிறுபோகம்தான் காட்டும்.

கடல்

கரையோரப் பிரிவு என்றால் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு கிழமை உட்காருங்கள். போர்க்காலத்தில் பாஸ் (கடலுக்குப் போக அனுமதிச்சீட்டு), நேரக் கட்டுப்பாடு, இயந்திரக் குதிரைவலுக் கட்டுப்பாடு, தூரக் கட்டுப்பாடு எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றும் எப்போது வந்தது, எப்போது போனது என்று நாட்காட்டியில் ஏற்றுங்கள். இரணைதீவுச் சனம் 1992ல் எழும்பி 2018 ஏப்ரலில் தாங்களே வள்ளங்களில் ஏறித் திரும்பியது. அங்கே 26 ஆண்டு என்பது ஒரு தலைமுறை கடலைப் படிக்காத 26 ஆண்டு. எந்தப் பாரில் எந்தக் காற்றுக்கு என்ன மீன் என்பதைத் தகப்பனிடமிருந்து கற்காதவருக்கு வள்ளமும் இயந்திரமும் மட்டும் கொடுத்தால் தொழில் வராது. "உங்களுக்குத் தொழில் பழக்கியது யார், எந்த வயதில்?" என்ற கேள்வியைக் கட்டாயம் சேருங்கள்.

வடக்கின் வள்ளங்கள் கட்டிக் கிடந்த அந்த ஆண்டுகளில்தான் பாக்குநீரிணையில் தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் பெருகின. போர் ஓய்ந்து இவர்கள் இறங்கியபோது கடல் வெறுமையாக இல்லை. பொதுவாகத் திங்கள், புதன், சனி இரவுகளில் அவை வரும். வலை அறுந்துபோகும் என்று அந்த மூன்று இரவும் பலர் கடலுக்குப் போவதில்லை. கிழமைக்கு ஏழில் மூன்று. இதை அளக்க ஓர் அருமையான வசதி உண்டு: தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களின் பிடியைச் சங்கப் பதிவிலிருந்து எடுத்து, அதற்குச் சற்று முந்திய, பிந்திய கிழமைகளோடு ஒப்பிடுங்கள். மார்கழி மழைக்காலத்தோடு ஒப்பிட்டால் பிழை. அது வாடைக்காற்றுக் காலம், இது சோளகக்காற்று எழும் காலம், மீனே வேறு.

பொன், வீடு, கடன்

இந்தச் சமூகத்தின் வங்கி பொன்தான். வருமானத்தைக் கேட்டால் குறைத்தே சொல்வார்கள்; பவுணைக் கேட்டால் கிராம் சுத்தமாக நினைவிருக்கும். பெண்ணைத் தனியாக இருத்தி ஐந்து காலத்துக்குக் கேளுங்கள்: கலியாணத்தன்று, 1990, 2002, 2009 முகாமில், இன்று. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புலிகள் குடும்பத்துக்கு 2 பவுண் கேட்டது, இடம்பெயரும்போது விற்றது, 2009ல் மெனிக் பாம் முகாமில் விற்றது, இப்போது அடகில் இருப்பது எல்லாம் அந்த ஒரே வரிசையில் வந்துவிடும்.

வீட்டுத்திட்டத்தை வரவாக மட்டும் எழுதாதீர்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் புது வீட்டுக்குக் கிடைத்தது 550,000 ரூபா, தவணை தவணையாக. அத்திவாரம் போட்டு அடுத்த தவணை வருவதற்குள் சீமெந்து, மணல், மேசன் கூலி ஏறிவிடும். கூரை வரை இழுக்கக் கடன். அந்தக் கடன்தான் பல வீடுகளில் நுண்நிதிக் கம்பனிகளுக்குக் கதவைத் திறந்தது. 2018ல் வரட்சி பாதித்த 12 மாவட்டப் பெண்களின் 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடனை அரசு தள்ளுபடி செய்ததும், வட்டிக்கு 35 சதவீத உச்சம் வைத்ததும் நிலைமை எவ்வளவு முற்றியது என்பதைக் காட்டும்.

"எவ்வளவு கடன்?" என்று கேட்காதீர்கள். ஒரு கிழமை அட்டவணையை விரித்து, "திங்கள் யார் வருவார்? செவ்வாய்?" என்று கேளுங்கள். ஐந்து நாளும் நிரம்பினால், ஒருவருக்குக் கட்ட இன்னொருவரிடம் எடுக்கிறார் என்று பொருள்.

பெண்களிடம் திருமணப் பதிவைப் பற்றியும் மெதுவாகக் கேட்க வேண்டும். 2006க்குப் பிறகு வன்னியில் கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து பதினாறு, பதினேழு வயதிலேயே பல கலியாணங்கள் பதிவில்லாமல் நடந்தன. கணவன் இல்லாமற்போனபின் மனைவி என்று காட்ட ஒரு கடுதாசியும் இல்லை. காணாமற்போனமைக்கான சான்றிதழ் 2016 முதல் உண்டு. இறப்புச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்கள் அதைக் கொண்டு சில காரியங்களைச் செய்யலாம். எது எடுத்தார், எது எடுக்க மறுத்தார் என்பதை மட்டும் குறியுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

கேட்கக் கூடாதவை, போகக் கூடாத நாட்கள்

இயக்கத்தில் (புலிகளில்) இருந்தாரா என்ற கேள்வி கொத்தில் இருக்கவே கூடாது. தாமாகச் சொன்னாலும் எழுத வேண்டாம். நீங்கள் போன மறுநாள் "யார் வந்தது, என்ன கேட்டது" என்று விசாரிக்க ஆள் வரக்கூடும். கொப்பியைக் கேட்கவும் கூடும். ஆகவே பெயர் ஒரு தாளிலும் இலக்கம் மட்டும் போட்ட விடைகள் வேறு தாளிலும் இருக்கட்டும், இரண்டும் ஒரே பையில் போக வேண்டாம். தொலைபேசியில் குரல் பதிவு வேண்டாம். மே மாதத்தின் நடுக் கிழமைகளிலும் நவம்பர் கடைசிக் கிழமையிலும் வீட்டுக்குப் போகாதீர்கள்; அது துக்க நாள், அத்தோடு கண்காணிப்பும் கூடிய நாள்.

வரைவு முடிந்ததும் முதலில் நாட்காட்டிக்கு வந்தவர்களைத் திரும்பக் கூட்டி, தமிழில், சத்தமாக வாசியுங்கள். பெரும்பாலும் திருத்துவது ஆண்டுகளைத்தான். அதனால் ஆண்டு நிரலை மட்டும் அதுவரை பென்சிலில் வைத்திருங்கள்.